ஓர் எழுத்து, ஒரு புள்ளி

அவரது பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு அவர் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். இப்போது அவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் வகுத்த முறையை அவர் விஷயத்திலேயே மீறுவது முறையாகாது. ஆகவே, அந்தத் தெருவில் எல்லோரும் அழைத்ததுபோல அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

அல்சூர் சந்தைக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஜெராக்ஸ் என்று எழுதியிருந்த மஞ்சள் பலகையின் அடியில், மீந்த இடத்தில், சிவப்பு வண்ணத்தில் 'பிரௌசிங்' என்ற சொல்லும் வந்து சேர்ந்திருந்த காலம் அது. உள்ளே ப்ளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஐந்து கணினிகள். இணைப்புக் கிடைப்பதற்கு முன் மோடம் நெடுநேரம் கிறீச்சிடும். அந்த ஓசை அடங்கும்வரை, ஏதோ நல்ல செய்திக்குக் காத்திருப்பதுபோல, எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நான் அப்போது ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கணினி இல்லாததால், கல்லூரிக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய வாரம் மூன்று நாட்கள் அங்கே போவேன். அக்காவின் மேசைக்குப் பக்கத்துத் தடுப்பு எனக்கு வாடிக்கையாக அமைந்துவிட்டது. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் ப்ளைவுட் வழியாக எல்லாமே கேட்டது.

அக்காவுக்கு முப்பதைத் தாண்டிய வயது. தட்டச்சுப் பொறியில் கற்றவர் என்பதால் கணினி விசைகளையும் ஓங்கித்தான் அடிப்பார். அவர் முன்னாலிருந்த விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டிருந்தன. அவருக்கு அவை தேவைப்படவும் இல்லை. யாராவது தம் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டை நீட்டினால், மர ஸ்கேலைப் பெயரின் அடியில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். பெயர் என்பது கை தவறினால் நழுவி அடுத்த வரிக்குப் போய்விடும் பொருள் என்பதுபோல.

வேலை விண்ணப்பம், மின்னஞ்சல் கணக்கு, கடவுச்சீட்டுப் படிவம் என்று எதுவானாலும் சந்திலிருந்த மனிதர்கள் அவரிடம்தான் வந்தார்கள். அவர் நிரப்புவார். நிரப்பி முடித்ததும் அனுப்புவதற்கான பொத்தானை அழுத்தமாட்டார். நாற்காலியைத் திருப்பி, வந்தவரின் முகத்தைப் பார்த்து, திரையிலிருக்கும் பெயரை உரக்கப் படிப்பார். வந்தவர் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். "ஆமாம்", "ஓகே", "ரைட்" எதுவும் செல்லாது.

"இன்னா அக்கா, கோர்ட்ல கூண்டுல ஏத்தின மாதிரி கேக்கற?" என்பார்கள்.

"கூண்டுல ஏறினாலும் உன் பேரத்தான் கேப்பாங்க. சொல்லு."

கடையின் உரிமையாளர் கன்னடக்காரர், நல்ல மனிதர். மற்றவர்கள் காத்திருக்கும்போது இந்தச் சடங்கு நீள்வதைப் பார்த்து நெளிவார். "மேடம், ஸ்வல்ப ஜல்தி! கம்ப்யூட்டருக்கு யார் பேரா இருந்தா என்ன?" என்று கேட்பார். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல சார், கஷ்டம் இவங்களுக்குத்தான்" என்பார் அக்கா.

அந்த வழக்கம் ஒரு பிழையிலிருந்து பிறந்தது. கடை திறந்த புதிதில் முருகேசன் என்ற எலெக்ட்ரீஷியனுக்கு வளைகுடா நாட்டு வேலைக்கு அக்கா விண்ணப்பம் நிரப்பினார். சான்றிதழில் இருந்த பெயர் பொ. முருகேசன். திரையிலோ முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பெயர்களுக்கு அப்படி ஒரு கடைசி கிடையாது. தந்தையை ஓர் எழுத்தாகச் சுருக்கி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நாம். கணினிக்குப் புள்ளி பிடிக்கவில்லை. ஒற்றை எழுத்தும் பிடிக்கவில்லை. அக்கா இனிஷியலை விரித்துக் கடைசிக் கட்டத்தில் பொன்னுசாமி என்று இட்டார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: அன்புள்ள திரு. பொன்னுசாமி அவர்களே, தங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சி.

முருகேசன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "அக்கா, எங்கப்பன் போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு. அவரையா துபாய்க்குக் கூப்புடறாங்க? மெயின் ஸ்விட்ச் எங்க கீதுன்னுகூட அவருக்குத் தெரியாது!"

கடையே சிரித்தது. உரிமையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலை வேறொருவரின் படிவத்தை நிரப்பியவர், முதன்முறையாக நாற்காலியைத் திருப்பினார்.

இதை வைத்து அவரைக் கண்டிப்பானவர் என்று நினைத்துவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்திருந்த செல்வி ஒரு நாள் வந்தாள். வெளிநாட்டுக்காரர்களுடன் தொலைபேசியில் பேசுவதற்காக நிறுவனம் அவளுக்கு நான்ஸி என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் மின்னஞ்சல் வேண்டும் என்றாள். அக்கா நிரப்பினார், திரும்பினார், படித்தார். செல்வி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரோட்ல யாராச்சும் நான்ஸினு கூப்ட்டா திரும்பிப் பாப்பியா?"

"ரோட்ல பாக்க மாட்டேன்க்கா. டூட்டில பாப்பேன்."

"அப்ப டூட்டிக்கு மட்டும் இது. வீட்டுக்கு ஒண்ணு தனியா போடறேன்." இரண்டு கணக்குகளைத் தொடங்கிக் கொடுத்தார். இரண்டாவதற்கு மட்டும் "நான்தான்" சொல்ல வைத்தார். "மொதல்ல போட்டது யூனிஃபார்ம். அதுக்குக் கேக்க வேணாம்."

எனக்கும் அது நடந்தது. என் தாத்தா மைசூர் அரசு உத்தியோகத்தில் இருந்தவர். அவர் பெயரின் பின்னால் சாதிப் பெயர் ஒன்று இருந்தது. அப்பா தம் இருபதாம் வயதில் அதைத் தம் பெயரிலிருந்து நீக்கிவிட்டார். வீட்டில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியதில்லை, நீக்கினார், அவ்வளவுதான். என் முதல் மின்னஞ்சல் கணக்கை நிரப்பியபோது கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. தாத்தாவின் அந்தச் சொல்லை இட்டேன். திரையில் என் பெயர் முழுமையாக, ஆங்கில நாவல்களில் வருகிற யாரோ ஒருவருடையதுபோலக் கம்பீரமாகத் தெரிந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். உரக்கப் படித்தார்.

நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அக்கா என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அழிக்கும் விசையைத் தேவையான முறை தட்டிவிட்டு, தம் இடத்துக்குப் போய்விட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. அதைக் கவனித்தேன், பொருள் விளங்க நாளாயிற்று. நடராஜன், நாராயணசாமி, நஞ்சப்பா என்று 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஆண் பெயர் எதையாவது தட்டச்சு செய்ய நேர்ந்தால் அந்த விரல்களின் வேகம் குறையும். மற்ற பெயர்கள் ப்ளைவுட்டுக்கு அப்பால் ஆலங்கட்டி மழையாகப் பெய்யும். அந்தப் பெயர்கள் மட்டும் ஒவ்வொரு துளியாக விழும்.

அக்காவின் இனிஷியல் 'என்.'. தந்தையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஓர் எழுத்து மட்டுமே. ஒரு மழை நாளில், மின்சாரம் போய்க் கடையே சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவராகவே சொன்னார். பத்து வயதில் ஒரு முறை அம்மாவிடம் அப்பா யார் என்று கேட்டாராம். அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. தட்டில் போட்டிருந்த சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாராம். "அதுக்கப்பறம் கேக்கல. எங்கிட்டதான் ஒரு லெட்டர் இருக்குதே, அது போதும்னு வெச்சுக்கிட்டேன்" என்றார். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் கடிதத்துக்கும் ஒரே சொல் என்பதை நான் நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த ஒரு நிறுவனம் தட்டச்சுத் தேர்வு வைத்தது. வெளிநாட்டு மருத்துவமனைகள் அனுப்பும் காகிதங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை, பகல் நேரம், வீட்டு வாசலுக்கே வண்டி வரும். இவை எவையும் அக்காவை அசைக்கவில்லை. ஊழியரைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் மருத்துவ அட்டை உண்டு என்ற ஒரு வரிதான் அசைத்தது. அவரது அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்தார். பத்தொன்பது வருடத்து ஃபினாயில் நெடி நெஞ்சில் இறங்கியிருந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு விசிலடிக்கும். எந்த மருத்துவமனையைத் துடைத்தாரோ, அங்கேயே அவருக்குச் சிகிச்சைச் சீட்டுக் கிடையாது.

அக்கா தேர்வில் முதலாவதாக வந்தார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் முழுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. தவறினால் அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் நான் என் தடுப்பில் இருந்தேன். அடுத்த பக்கம் ஆலங்கட்டி மழை பெய்து, சட்டென்று நின்றது. கடைசிப் பெயர். அக்கா 'N' என்று இட்டார். சிவப்பில் ஒரு வரி வந்தது: ஒற்றை எழுத்து ஏற்கப்படாது, இனிஷியலை விரித்து எழுதவும். புள்ளி சேர்த்துப் பார்த்தார். காலியாக விட்டுப் பார்த்தார். அதே வரி.

உரிமையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "அட, இதுக்கா யோசனை? நாகராஜ்னு ஹாக்பிடி, போட்டுடுங்க மேடம்! இந்தச் சந்துல நின்னு நாகராஜ்னு கூப்ட்டா நாலு பேர் திரும்புவாங்க. அதுல யாரு என்னன்னு எவன் வந்து கேக்கப் போறான்? மார்க்ஸ் கார்டும் என், இதுவும் என். மேட்ச் ஆய்து!"

அவர் சொன்னதில் தவறே இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை. அக்கா அந்தப் பெயரைத் தட்டினார். பின்பு, பழக்கம் விடவில்லைபோலும், உரக்கப் படித்தார். ப்ளைவுட்டுக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். பதில் சொல்ல வேண்டியவரும் அவரேதான். பிறகு அழிக்கும் விசை, ஏழு முறை.

மூன்றரை மணிக்கு அவருடைய அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர். நீலச் சீருடைப் புடவை, முழங்கையில் மாட்டிய பிளாஸ்டிக் பை. நடந்து வந்த மூச்சு அடங்க வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடி, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? அனுப்பிட்டியா?"

"இல்லம்மா. இனிஷியலுக்கு முழுப் பேரு கேக்குது." அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருசமா நான் கேக்கல. இப்ப இது கேக்குது. அப்பா பேரு என்னம்மா? நடராஜனா, நாராயணனா? சொல்லிடு. இன்னிக்கு ஒரு நாள் சொல்லிடு."

அம்மாவின் முகத்தில் முதலில் தெரிந்தது கோபம் அல்ல, குழப்பம். "நாராயணனா? அது யாருடி?"

"அப்பாவோட பேரு 'என்'லதான ஆரம்பிக்கும்?"

"எவ சொன்னா? அந்தாளு பேரு துரை."

அக்கா நாற்காலியைத் திருப்பினார். அந்த முகத்தை நான் தடுப்பின் விளிம்பில் பார்த்தேன். பலருக்கு எதிரே அந்த நாற்காலி திரும்பியிருக்கிறது. பதில் சொல்லத் தெரியாதவராக அன்றுதான் அவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இந்த என்?"

அம்மா பையைக் கீழே வைத்தார். "உன்ன ஸ்கூலுக்கு இஸ்துக்கினு போனேன்ல, அங்க கவுன் போட்ட மிஸ்ஸு ஒண்ணு உக்காந்துக்கினு இருந்துச்சு. தஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீஷ்தான். உன் பேரு கேட்டுச்சு, சொன்னேன். அப்பறம் 'இனிஷியல்?'ன்னுச்சு. எனக்கு இன்னா எழவு தெரியும்? ஏதோ வம்பு கேக்கறாங்கன்னு நெனச்சி, 'ஏன்?'னு கேட்டேன். 'ஓகே, என்'னு சொல்லி எழுதிக்கிச்சு."

உரிமையாளர் சிரிக்கத் தொடங்கி, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இத்தன வருசம் ஏம்மா சொல்லல?"

"எனக்கே நீ பெரிய கிளாஸு போனப்பதான் தெரியும். பக்கத்தூட்டுக்காரம்மா படிச்சிச் சொன்னா. அதுக்குள்ள நீ எல்லா நோட்டு மேலயும் அந்த எழுத்த அழகா வளைச்சி வளைச்சி போட்டுக்கினு இருந்த." மூச்சுக்காக நிறுத்தினார். "பொம்ம வெச்சிக்கினு ஆடற கொழந்த கையிலேர்ந்து புடுங்கச் சொல்றியா?"

அம்மாவே, குரலைத் தணித்துக்கொண்டு, "வேணும்னா அந்தாளு பேரையே போட்டுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

உண்மையான பெயர் மார்க்ஸ் கார்டோடு பொருந்தாது. பொருந்தும் பெயர் எதுவும் உண்மையல்ல. அக்கா மறுத்துத் தலையை அசைத்தார். "வேணாம்மா. அந்தப் பேருல என்ன யாரு கூப்ட்டாலும் திரும்ப மாட்டேன்."

மணி நான்கைக் கடந்திருந்தது. நான் எழுந்தேன். அந்தக் கடையில் நானாக வாய் திறந்து பேசிய தருணங்களை எண்ண ஒரு கை போதும். அவற்றுள் இது ஒன்று.

"அக்கா, அந்த எழுத்துக்கே ஒரு பேர் இருக்கு. இங்கிலீஷ் டிக்‌ஷனரில போட்டிருப்பாங்க. ஈ, என். ரெண்டு எழுத்து. 'என்'ங்கற எழுத்தை விரிச்சா 'என்'தான்."

அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. "EN" என்று தட்டினார். சிவப்பு வரி வரவில்லை. தமிழ் தெரியாத அந்த இயந்திரத்துக்கு அது ஒரு குடும்பத்தின் பெயர். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு, முப்பது வருடத்துக்கு முன் ஓர் அந்நிய மேசைக்கு முன்னால், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தாம் கேட்ட ஒரே கேள்வி: ஏன். கொஞ்சம் குறுகிப் போயிருந்தது, அவ்வளவுதான். குறுகியதில் அதற்கு இன்னொரு பொருளும் வந்துவிட்டது: என். என்னுடைய.

அவர் கை பொத்தானை நோக்கிப் போனது.

"ஏய்," என்றார் அம்மா. "ஊரயெல்லாம் கேப்பியாமே. நீ சொல்ல மாட்டியா?"

படிப்பதற்கு ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரைக்கு அருகில் போய், அக்காவின் பெயரையும் அதன் பின் வந்த இரண்டு எழுத்துகளையும் உரக்கப் படித்தேன். பிறகு, அவர் செய்வதுபோலவே, முகத்தைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார். அவர் குரல் அவ்வளவு சிறியதாக ஒலித்து நான் கேட்டதில்லை.

வேலை கிடைத்தது. சான்றிதழ்களைச் சரிபார்த்த அதிகாரி வடநாட்டுப் பெண்ணாம். "அழகான சர்நேம், உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டாளாம். "அல்சூர்னு சொன்னேன். ஏதோ வெளிநாடுன்னு நெனச்சிக்கிச்சி போல, மேல கேக்கல" என்று அக்கா சிரித்தார். கடைக்கு அவர் கடைசியாக வந்த நாள் அது. போகும்போது மர ஸ்கேலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த பெண் வேகமானவள். யாரையும் எதுவும் சொல்லச் சொல்லமாட்டாள்.

இரண்டு மூன்று மாதங்கள் கழிந்த ஒரு காலை வேளையில் அக்காவின் அம்மா கடைக்கு வந்தார். சீருடைப் புடவை இல்லை. சாதாரணப் பச்சைப் புடவை. மேசையிலிருந்த புதியவளைத் தாண்டி நேரே என் தடுப்புக்கு வந்து, லேமினேட் செய்த ஓர் அட்டையை நீட்டினார்.

"கண்ணு, அன்னிக்குப் படிச்ச பொண்ணு நீதான? இத்தயும் படி. அவ குடுத்துட்டு வண்டி வந்துடுச்சின்னு ஓடிட்டா."

மருத்துவ அட்டை. சார்ந்திருப்போர் படிவத்திலும் அதே இரண்டு கட்டங்கள் இருந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒற்றைச் சொல்லாக, முன்னால் எழுத்தும் பின்னால் பெயரும் இல்லாமல் இருந்த அந்தப் பெண்மணியின் பெயருக்குப் பின்னால், மகள் தம்முடையதையே இட்டிருந்தார்.

நான் அந்தப் பெயரைப் படித்தேன். பிறகு "என்" என்று படித்தேன்.

"கடைசியில கீறது, அவ பேருல கீதே அதுவா?"

"ஆமாம்மா. அதேதான்."

அட்டையைத் திரும்ப வாங்கி, பார்வைக்குத் தூரத்தில் பிடித்து, அந்த இரண்டு எழுத்துகளின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். பிறகு முந்தானையைத் தோளில் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான்தான்" என்றார்.